காட்டுக்கத்தி வாய் மடியுது, மண்வெட்டி வாய் உடையுது: கம்மாலையில் பிழை எங்க?

படுவான்கரை வரம்பு:
பெரும்போகத்துக்கு முதல் ஆயுதங்களைக் கம்மாலைக்குக் கொண்டு போற காலம் வருது. மட்டக்களப்பில் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கேக்கிற குறை இரண்டு. புதுக் காட்டுக்கத்தி வீரைக் கொப்பில் நாலு வெட்டு விழுந்ததும் வாய் மடியுது. புது வாய் வைச்ச மண்வெட்டியோ வரம்பு செதுக்கும்போது ஓரம் துண்டாகப் பறக்குது. இரண்டும் லொறி ஸ்பிரிங் தகட்டில் செய்தவைதான். ஒரே இரும்பு ஒரு ஆயுதத்தில் மெழுகாகவும் மற்றதில் கண்ணாடியாகவும் போறது ஏன்? கொல்லரிடம் என்ன இரும்பு கொண்டு போகணும், என்ன சொல்லிச் செய்விக்கணும்? தொழில் தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க.

உலைமூக்கு:
தம்பி, மடியிற வாய்க்குத் தோய்ச்சல் ஏறவில்லை. உடையிற வாய்க்குத் தோய்ச்சல் ஏறியிருக்கு, பதம் இறக்கவில்லை. தோய்ச்சல் என்றது செஞ்சூட்டில் எண்ணெயிலோ தண்ணியிலோ விட்டு இறுக்கிறது, பதம் இறக்கிறது என்றது இறுகினதைத் திரும்ப மெல்லச் சூடாக்கி முறியாத அளவுக்கு இளக்கிறது. இரும்பை முதலில் சந்தேகப்படுறது வழக்கம். ஆனால் நல்ல ஸ்பிரிங் தகட்டையும் இந்த இரண்டு இடத்தில் கெடுக்கலாம்.

என்றாலும் இரும்பைப் பார்த்துத்தான் எடுக்கணும். ஸ்பிரிங் தகட்டில் கரிமம் 0.5 முதல் 0.65 வீதம் வரை இருக்கும், அதுதான் தோய்ச்சலைப் பிடிக்குது. கட்டடத்துக்குப் போடுற டோர் கம்பியில் 0.2, 0.25 வீதம்தான். அதில் அலவாங்கு, கொளுக்கி, அடுப்புக்கம்பி செய்யலாம், வெட்டுற வாய் வராது. பார்வைக்கு வேறுபாடு தெரியாவிட்டால் கிறைண்டரில் பிடிச்சுப் பொறியைப் பாருங்க. மெல்லிரும்பின் பொறி நீளக்கோடாக ஓடி அணையும். கரிமம் உள்ளது பூவாணம் மாதிரி நுனியில் கிளைவிட்டு வெடிக்கும்.

இன்னும் நிச்சயம் வேணுமென்றால் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டிச் செஞ்சூடாக்கித் தண்ணியில் தோய்ச்சு, பட்டடையின் ஓரத்தில் வைச்சுச் சுத்தியலால் தட்டுங்க. துணியைச் சுத்திப்போட்டுத் தட்டணும், துண்டு கண்ணுக்குப் பாயும். வளைஞ்சால் அது கத்திக்கு ஆகாது. படக்கென்று முறிஞ்சு, முறிவு சாம்பல் நிறப் பட்டுத்துணி மாதிரி இருந்தால் இரும்பும் நல்லது, சூடும் சரி. முறிவில் சீனிக்கட்டி மாதிரி மினுமினுக்குற மணி தெரிந்தால் சூடு கூடிப்போச்சு.

ஸ்பிரிங் தகட்டின் நடுவில் ஆணி போற துளை இருக்கு, அதிலிருந்து இரண்டு அங்குலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டித் தள்ளுங்க. லொறி ஓடி ஓடி மயிரிழை வெடிப்பு விழுற இடம் அது. கத்தி செய்து முடிஞ்சு தோய்க்கும்போதுதான் வெடிப்பு வாயைத் திறக்கும்.

கரைவாகு:
நானா, நல்ல விளக்கம். தோய்ச்சலைத் தண்ணியில் போடணுமா எண்ணெயில் போடணுமா? கல்முனைப் பக்கம் இரண்டு மாதிரியும் செய்றாங்க, ஆளுக்கொரு நியாயம் சொல்றாங்க.

உலைமூக்கு:
ஸ்பிரிங் தகட்டுக்கு எண்ணெய். அதில் கரிமத்தோடு குரோமியமோ மங்கனீசோ சிலிக்கனோ கலந்திருக்கு. அந்தக் கலப்பு இரும்பு மெதுவாகக் குளிர்ந்தாலும் இறுகும். தண்ணியின் வேகம் அதுக்கு மிஞ்சின வேகம். மெல்லிய வாய் ஒரு நொடியில் குளிர்ந்து இறுகுது, தடிச்ச முதுகு பின்னால் குளிர்ந்து அதை இழுக்குது. டிக் என்று ஒரு சத்தம் கேட்டால் வாய் வெடிச்சுது, கத்தி போச்சு.

எண்ணெய் குறைஞ்சது 5 லீற்றர் வேணும். ஒரு போத்தலை ஊத்தி வைச்சுக் கத்தியை விட்டால் எண்ணெய் கொதிக்கும், கத்தி இறுகாது. தேங்காய் எண்ணெய், பொரிச்சு மிஞ்சின எண்ணெய் இரண்டும் சரி. பழைய இஞ்சின் ஒயிலின் புகை நெஞ்சுக்குக் கூடாது, அதைத் தவிருங்க. எண்ணெயைக் கை வைக்கக்கூடிய சூட்டுக்கு, 50 பாகை அளவுக்கு, முதலில் சூடாக்கணும். குளிர்ந்த எண்ணெய் தடிப்பு, இரும்பைச் சுத்தி ஓடாது. ஒரு இரும்புத்துண்டைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே போட்டால் அந்தச் சூடு வந்துவிடும். இரும்பு வாளியாக இருக்கணும், மூடித் தகடு கிட்டக் கிடக்கணும். எண்ணெய் பத்தினால் தண்ணி ஊத்தக்கூடாது, மூடணும்.

சூட்டைக் கண்ணால் அளக்கிறது நிழலில்தான் நடக்கும். உச்சி வெயிலில் மங்கல் சிவப்பாகத் தெரியிறது நிழலில் செம்மஞ்சளாக இருக்கும். இந்த ஒரு காரணத்தால் வெயிலில் தோய்ச்ச கத்திகள் சூடு மிஞ்சி மணி பருத்துப் போகுது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை உலையடியில் வைச்சிருங்க. இரும்பு 770 பாகை அளவில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். ஒட்டாமல் போன பிறகு ஒரு சாயல் கூடச் சிவக்க விட்டு, வாய் கீழ்நோக்க நேர்குத்தாக எண்ணெய்க்குள் இறக்குங்க. முன்னும் பின்னும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைச்சால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வாழை இலை மாதிரி வளையும்.

துருத்தி:
தண்ணி கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது தம்பி. இந்தப் பக்கத்துக் கம்மாலைகளில் காலம் காலமாகத் தண்ணித் தொட்டிதான் இருந்தது, அந்தக் கோடாலிகள் காட்டை வெட்டின கோடாலிகள். முறை வேறு. கோடாலியின் வாயில் ஒரு அங்குலம் மட்டும் தண்ணியில் இறங்கும், மேல்பக்கம் சிவந்தபடி வெளியில் நிக்கும். ஐந்தாறு எண்ணி எடுத்து, வாயைச் செங்கல் துண்டால் இரண்டு இழுவை தேய்ச்சால் வெள்ளி மாதிரித் தெரியும். அப்போது மேலே கிடக்கிற சூடு கீழே இறங்கி வரும், வரும்போதே நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, அதுக்குப் பின்னால் ஊதா, கடைசியில் நீலம். வேணுமான நிறம் வாய்க்கு வந்த கணம் முழுதையும் தண்ணிக்குள் விடணும். தோய்ச்சலும் பதமும் ஒரே சூட்டில் முடியும். கரியும் மிச்சம்.

உலைமூக்கு:
அண்ணன் சொல்றது முழுக்கச் சரி, நான் எழுதினது குறை. ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். அந்தக் காலத்துக் கோடாலிகளின் வாய் இரும்பில் கரிமத்தைத் தவிர வேறு கலப்பு இல்லை, அது தண்ணியைத் தாங்கும். பழைய அரம் இன்றைக்கும் அந்த வகைதான். அரத்தில் கத்தி செய்தால் தண்ணியிலோ மெல்லிய எண்ணெயிலோ தோய்க்கலாம், ஆனால் பல்லுத் தடத்தை முழுக்கத் தேய்ச்சு எடுத்த பிறகுதான். ஒவ்வொரு தடமும் வெடிப்புக்கு ஒரு வழி.

இன்னொன்று கரையோரத்துக்கு மட்டும் உரியது. உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட வேகமாகக் குளிர்விக்கும். சூடான இரும்பைச் சுத்தி ஆவி ஒரு போர்வை மாதிரி நிக்கும், உப்பு அந்தப் போர்வையை உடைக்குது. 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் எத்தனையோ கிணறுகள் உப்பேறின. ஒரே கொல்லர், ஒரே இரும்பு, ஒரே கை, கிணற்றுத் தண்ணி மட்டும் மாறினால் கத்தி வெடிக்கும். தொட்டிக்கு மழைத்தண்ணி பிடிச்சு வையுங்க.

படுவான்கரை வரம்பு:
நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எந்த ஆயுதத்துக்கு எந்த நிறம்?

துருத்தி:
மர உளிக்கும் தாக்கத்திக்கும் (நெல் அறுக்கிற அரிவாள்) வைக்கோல் மஞ்சள், 220, 230 பாகை. காட்டுக்கத்திக்கு வாய் செம்பழுப்பில் நிக்கணும், அது 250, 260. கோடாலிக்கு ஊதா. மண்வெட்டிக்கு ஊதா கடந்து நீலம் தொடுற இடம், 290 அளவு. முதுகு எல்லாவற்றிலும் நீலம் போகலாம், நல்லதுதான், அடியைத் தாங்கும்.

எண்ணெயில் முழுக்கத் தோய்ச்ச கத்தியில் மேலே சூடு மிஞ்சியிருக்காது. அதுக்குத் தடிச்ச இரும்புக்கட்டி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, தேய்ச்சு வெள்ளையாக்கின கத்தியின் முதுகை அதன் மேல் வைச்சு மெல்ல நகர்த்துங்க. சூடு முதுகிலிருந்து வாய்க்கு வரும். வாய் பழுப்பானதும் எடுத்துத் தண்ணியில் நனையுங்க. இதை இரண்டு தரம் செய்தால் நல்லது, ஸ்பிரிங் இரும்பு ஒரு தரத்தில் முழுக்க இறங்காது. தோய்ச்ச கத்தியை நாளைக்குப் பதம் பார்ப்போம் என்று மூலையில் சாத்தவும் கூடாது. பதம் இறக்காத கத்தி கீழே விழுந்தாலே இரண்டாகும், சிலவேளை விழாமலே வெடிக்கும்.

மண்வெட்டிக்கு மண்ணும் முக்கியம். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல்பக்கம்) மணல் வாயை அரம் மாதிரித் தேய்க்கும், உடைக்காது. அங்கே செம்பழுப்பில் நிறுத்தலாம், வாய் நாள்பட நிக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிக்கு ஊதா. காட்டோரத்துக் கிறவலும் கல்லும் உள்ள நிலத்துக்குக் கட்டாயம் நீலம். கொடுக்கும்போது எந்த மண்ணுக்கு என்று கொல்லரிடம் சொல்லுங்க. சொல்லாமல் கொடுத்தால் அவர் பொதுவாக ஒரு பதம் போடுவார், அது ஒருவருக்கும் முழுக்கப் பொருந்தாது.

வாவிக்கரை ஒட்டுவேலை:
மண்வெட்டி உடையிறதுக்கு வெல்டிங்தான் பெரிய காரணம். தேஞ்ச வாயை வெட்டி எடுத்து ஸ்பிரிங் பட்டையை மின் வெல்டிங்கில் பிடிக்கிறாங்க. முறிவைப் பார்த்தால் ஒட்டில் முறிஞ்சிருக்காது, ஒட்டுக்கு நாலு ஐந்து மி.மீ. தள்ளி ஸ்பிரிங் பக்கம் முறிஞ்சிருக்கும். ஒட்டின் சூட்டில் அந்தக் கோடு செஞ்சூடாகி, பக்கத்துக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை இழுத்ததால் தோய்ச்ச மாதிரி இறுகிவிட்டது. பதமும் கிடைக்கவில்லை. கண்ணாடி மாதிரி என்று நீங்கள் சொன்னது அந்தக் கோடு.

செய்ய வேண்டியது இது. இரண்டு துண்டின் ஓரத்தையும் சரிவாகத் தேயுங்க. ஒட்ட முதல் 200, 250 பாகைக்குச் சூடாக்குங்க. உலைப்பக்கத்தில் வைச்சு, எச்சில் தொட்டால் உடனே துள்ளி ஓடுற சூடு வந்தால் போதும். 7018 வெல்டிங் குச்சி நல்லது, ஆனால் அது ஈரம் பிடிச்சால் கெடும், மாரியில் பெட்டியைத் திறந்து வைக்காதீங்க. ஒரே இழுவையில் ஓட்டாமல் இரண்டு அங்குலம், இரண்டு அங்குலமாக மாறி மாறிப் போடுங்க. முடிஞ்ச உடனே உமிச்சாம்பலுக்குள் புதைச்சு விடியும் வரை விடுங்க. உமி எரிச்ச சாம்பல் எங்கள் ஊரில் வாடியடியில் சும்மா கிடக்கு, சூட்டைப் பிடிக்கிறதில் அதுக்கு ஈடில்லை. மறுநாள் வாய்க்கு மட்டும் தோய்ச்சலும் பதமும். ஒட்டுக் கோட்டில் தண்ணியோ எண்ணெயோ படக்கூடாது.

துருத்தி:
உலையிலேயே ஒட்டுறது இன்னும் நல்லது. இரண்டு இரும்பும் நல்லாச் சிவந்ததும் வெங்காரத்தூள் தூவித் திரும்ப உலையில் வைச்சு, வெண்மஞ்சளாகி மேலே உருகி நெய் பூசின மாதிரி மினுங்கும்போது சம்மட்டி அடிக்கணும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிச்சால் அழுக்கு வெளியே தெறிச்சு ஓடும். ஓரத்திலிருந்து அடிச்சால் அழுக்கு உள்ளே மாட்டும், அந்த ஒட்டு ஒரு போகம் தாங்காது. தெறிக்கிற வெங்காரம் தோலை எரிக்கும், வெறுங்காலோடு நிக்காதீங்க. கையாள் ஒருவர் இல்லாமல் இது நடக்காது. இந்த வேலை அருகிப்போனதுக்குக் காரணமும் அதுதான், சம்மட்டி பிடிக்க ஆள் இல்லை.

பூண்:
அண்ணமார், கரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிரட்டைக்கரியா மரக்கரியா?

உலைமூக்கு:
தங்கச்சி, இரண்டுக்கும் இடம் இருக்கு. சிரட்டைக்கரி சூடு கூட, சாம்பல் குறைவு, கரையோரத்தில் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் அதுக்குக் காற்று பலமாக வேணும், துருத்தியை நிறுத்தினால் மங்கும். ஒட்டு வேலைக்கு நல்லது. நீளக் கத்தியைச் சீராகச் சூடாக்கித் தோய்க்கப் புளி, வீரை மரக்கரிதான் வசதி, பரந்து எரியும். மரக்கரி எடுக்கும்போது அனுமதிப் பத்திரம் உள்ளவரிடம் எடுங்க, இல்லாவிட்டால் ஏற்றி வரும் வழியிலேயே பறிபோகும்.

கரியைப் பாக்களவுக்கு உடைக்கணும். பெரிய கட்டி போட்டால் இடையால் காற்று புகுந்து இரும்பைத் தின்னும். தூளாகப் போட்டால் காற்று அடைபடும். ஒரு காட்டுக்கத்திக்கு 4, 5 கிலோ கரி போதும். இரும்பு வெளியில் கிடக்கும்போதும் புளோவரை ஓட விட்டால் அதைப் போல இரண்டு மடங்கு போகும்.

இரும்பை வைக்கிற ஆழமும் கணக்கு. காற்று வரும் வாய்க்கு நேரே வைச்சால் செதிள் செதிளாக உதிரும், வாயின் கரிமமும் போகும். காற்றுவாய்க்கு மேலே ஒரு சாண் கரி நிக்கணும், இரும்பு அதன் மேல்பாதியில் கிடக்கணும், இரும்புக்கு மேலேயும் கரி மூடணும். வெள்ளைப் பொறி தெறிச்சால் இரும்பு எரியுது. எரிஞ்ச பகுதியை எந்தக் கைகாரராலும் மீட்க முடியாது, வெட்டித்தான் எறியணும்.

கரைவாகு:
உலைக்கு மண்?

துருத்தி:
புற்றுமண் மூன்று பங்கு, உமி ஒரு பங்கு. பிசைஞ்சு ஒரு கிழமை நிழலில் காய விடணும். வெயிலில் காய்ஞ்சால் பாளம் பாளமாக வெடிக்கும். உலையின் முதுகு மேற்கே இருக்கணும். கச்சான், மேற்கிலிருந்து வாற காற்று, அடிக்கிற மாதங்களில் அது உலையைத் தன் பாட்டில் ஊதும், சூடு கைக்குள் நிக்காது. பொறி பறந்து கிடுகுக் கூரையில் விழும். உலைக்கு மேலே மட்டுமாவது தகரம் போடுங்க.

இதே காற்றைத்தான் மலைக்கு அந்தப் பக்கம், சமனலவெவயில், ஆயிரம் வருசத்துக்கு முதல் இரும்பு உருக்கப் பிடிச்சிருக்காங்க. மேற்குப் பார்த்த சரிவில் உலைகளை வரிசையாகக் கட்டி, துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றாலேயே உருக்கினது அகழ்வாய்வில் தெரிந்தது. அவர்களுக்கு வேணுமான காற்று எங்களுக்கு வேண்டாத காற்று.

வாவிக்கரை ஒட்டுவேலை:
பழைய இரும்பு எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்க. நாகம் பூசின குழாயை, தகட்டை உலைக்குள் வைக்காதீங்க. வெள்ளைப் புகை வரும், இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வாகனத்தின் சொக்கப்சோபர், மூடின குழாய் எதையும் திறக்காமல் சூடாக்கினால் வெடிக்கும். இவை இரண்டையும்விடப் பெரியது: எங்கள் மாவட்டங்களில் போர்க்காலத்து வெடிபொருள் பழைய இரும்போடு கலந்து வரலாம். உருண்டையாக, செட்டையோடு, மூடின கூடாக, என்னவென்று தெரியாத எதையும் தட்டாதீங்க, வெட்டாதீங்க, உலைக்குக் கிட்டக் கொண்டு போகாதீங்க. அது கிடந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்று பொலிசுக்கு அறிவியுங்க.

பூண்:
துருவலைப் பல் மழுங்கினால் கொல்லரிடம் போகணுமா? தாக்கத்தி?

துருத்தி:
துருவலைக்குப் போகத் தேவையில்லை மகள். சிறிய முக்கோண அரத்தால் பல்லுக்குப் பல் இடையில் இரண்டு தள்ளுத் தள்ளுங்க, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம். எல்லா இடைக்கும் ஒரே எண்ணிக்கை, இல்லாவிட்டால் உயர்ந்த பல் மட்டும் தேங்காயைக் கிழிக்கும்.

தாக்கத்தியின் பல் வேறு. அது ஒரு பக்கத்தில் மட்டும், தோய்க்க முதல், உளியால் சாய்வாகக் கொத்தினது. ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி, சாய்வு பிடிப்பக்கம் பார்க்கும், இழுக்கும்போது கடிக்கும். பல்லுள்ள பக்கத்தில் அரம் போட்டால் தாக்கத்தி செத்தது. மறுபக்கத்து வழுவழுப்பான முகத்தைத்தான் கல்லில் படுக்க வைச்சுத் தேய்க்கணும். இப்போது வயலை மிசின் வெட்டுது என்றாலும் சாய்ஞ்ச வேளாண்மைக்கும் மூலைக்கும் சேற்று வயலுக்கும் இது வேணும், மலிஞ்ச தகட்டுத் தாக்கத்தியில் பல் இரண்டு நாளில் படுத்துவிடும்.

கரைவாகு:
கிறைண்டரில் தீட்டினால்?

உலைமூக்கு:
நல்ல தோய்ச்சலைப் பாதிப்பேர் அங்கேதான் கொல்றாங்க. மெல்லிய வாய் இரண்டு நொடியில் நீலமாகும். நீலமான இடம் 300 பாகையைத் தொட்டுவிட்டது. மண்வெட்டிக்கு அது சரி, கத்தி வாய்க்கு அது மெழுகு. புதுக் காட்டுக்கத்தி மடியுது என்று தொடக்கத்தில் வந்த கேள்விக்கு இதுவும் ஒரு விடை. கொல்லர் சரியாகத் தோய்ச்சிருப்பார், கூர் வைக்கும்போது போயிருக்கும். தோய்க்க முதலே வாயை 1.5 மி.மீ. வரை மெலிய விட்டால் பிறகு தேய்க்க அதிகம் இருக்காது. அதைவிட மெலிஞ்சால் தோய்ச்சலில் நெளியும். மிச்சத்தைச் சாணைக்கல்லில், தண்ணி விட்டு. கிறைண்டர்தான் என்றால் கையுறை இல்லாத விரலை வாய்க்குப் பின்னால் வைச்சுப் பிடியுங்க, விரல் சுடுற முதல் தண்ணியில் நனையுங்க.

படுவான்கரை வரம்பு:
எல்லாருக்கும் பெரிய உதவி. கடைசியாக ஒன்று. வாய் உடைஞ்ச மண்வெட்டி இரண்டு கிடக்கு. எறியிறதா, மீட்கலாமா?

துருத்தி:
எறியாதீங்க மனே. உடைஞ்ச ஓரத்தை நேராகத் தேய்ச்சு, மீதி வாயை மங்கல் சிவப்புக்குச் சூடாக்கி உமிச்சாம்பலில் ஆறவிட்டால் இறுக்கம் முழுக்கப் போகும். பிறகு புதுசு மாதிரித் தோய்ச்சல், நீலப்பதம். ஆனால் உலைக்கு வைக்க முதல் வெடிப்பு பாருங்க. வாயில் மண்ணெண்ணெய் தடவிக் கால்மணி விட்டுத் துணியால் உலரத் துடைச்சு, சுண்ணாம்பைக் கரைச்சு மெல்லியதாகப் பூசுங்க. சுண்ணாம்பு காய்ஞ்சதும் வெடிப்பு உள்ள இடத்தில் எண்ணெய் ஊறி ஈரக்கோடாகத் தெரியும். அந்தக் கோடு முடியிற இடத்துக்கும் அரை அங்குலம் மேலே வெட்டுங்க.